ஜேஎன்யூவுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு: அறை, மெஸ், அப்புறம் ஓட்டு

கோவில்பட்டியிலிருந்து டெல்லிக்கு வந்து ஜேஎன்யூவில் (ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) வரலாறு ஆராய்ச்சி செய்கிறேன். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பவை இரண்டு. இங்கே எப்படிச் சமாளிப்பது? மாணவர் சங்கத் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போடுவது? முதல் கேள்வியை ஒழுங்காகச் சமாளித்தால் இரண்டாவதற்குப் பாதி விடை கிடைத்துவிடும் என்பது என் கருத்து.

அட்மிஷனுக்கு வந்து நிற்கும்போதே ஆரம்பிக்கிறது. எந்தச் சான்றிதழுக்கு எத்தனை நகல், எந்தக் கட்டடம், எந்த ஜன்னல் என்று சொல்லித் தர மாணவர் அமைப்புகள் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஐசா, எஸ்எஃப்ஐ (இரண்டும் இடதுசாரி), ஏபிவிபி (ஆர்எஸ்எஸ் சார்பு), என்எஸ்யுஐ (காங்கிரஸ்), பாப்சா (அம்பேத்கரியம்) என்று பல கொடிகள். கூச்சப்படாமல் உதவி வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியைத் தூக்கிக்கொடுத்தவருக்கே ஓட்டு என்று மட்டும் மனதுக்குள் எழுதிக்கொடுத்துவிடாதீர்கள். அவர் எண்ணைச் சேமித்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து விடுதி அறைக்காக அலையும்போது அதே ஆள் போனை எடுக்கிறாரா என்பதுதான் கணக்கு.

பணம். ஜேஆர்எஃப் (நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு வழியாகக் கிடைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகை) இருந்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். நெட் இல்லாத உதவித்தொகை என்றால் பிஎச்டிக்கு 8,000. எதுவானாலும் சேர்ந்த உடனே கைக்கு வராது. கையெழுத்து, வங்கிக் கணக்கு, படிவம் என்று இழுக்கும். சில மாத மெஸ் பில்லுக்கு வீட்டிலிருந்தே ஏற்பாடு செய்துகொண்டு வாருங்கள். ஆய்வு நெறியாளர் யார் என்று முடிவாவதற்கு முன்பே தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கோர்ஸ்வொர்க் (பிஎச்டியின் தொடக்கப் பாடங்கள்) முடிவதற்குள் அது எப்படியும் மாறும்.

குளிருக்கு ஊரிலிருந்து கம்பளி சுமந்து வராதீர்கள், பக்கத்திலுள்ள முனிர்காவில் ரஜாய் (பஞ்சுப் போர்வை) வாங்கிக்கொள்ளலாம். ராஜ்மா சலித்துப்போய்த் தமிழ் கேட்க வேண்டும் போலிருந்தால் ஆர்.கே.புரம் பக்கம்தான்: ஐந்தாம் செக்டாரில் தமிழ்ச் சங்கம், கொஞ்சம் தள்ளி மலை மந்திர் என்ற முருகன் கோவில். இந்தி தெரியாது என்பது பெரிய குறை இல்லை. ஆனால் மெஸ்ஸில் வேலை செய்கிறவர்களிடம் நாலு வார்த்தை பேசப் பழகுங்கள், வாழ்க்கை இலகுவாகும்.

இந்த அலைச்சலையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எந்தக் கையெழுத்துக்கு எத்தனை தடவை நடந்தீர்கள், நூலகத்தில் எந்த நேரத்தில் இடம் கிடைக்கவில்லை, விடுதியில் எப்போது தண்ணீர் நின்றது. தேர்தல் வரும்போது இதுதான் உங்கள் கேள்வித்தாள்.

தேர்தல் நெருங்கியதும் மெஸ் மேஜையில் தட்டுக்குப் பக்கத்தில் பர்ச்சா குவியும். துண்டறிக்கைதான், ஆனால் சிலது சிறு ஆய்வுக் கட்டுரை நீளம். எல்லா அமைப்பின் பர்ச்சாவையும் எடுத்து வைத்துப் படியுங்கள். எதிராளியைத் திட்டும் பத்திகளைத் தாண்டி, 'செய்தோம்' என்று சொல்லும் வரிகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். ஒரே வேலையை மூன்று அமைப்புகள் செய்ததாகச் சொல்லும். அந்தப் போராட்டத்துக்குப் போன சீனியர் யாரையாவது கேட்டால் உண்மை தெரிந்துவிடும். 2019-க்குப் பிறகு 2024 மார்ச் வரை தேர்தலே நடக்கவில்லை என்பதால் பழைய சங்கங்கள் செய்தது நிறையப் பேருக்கு நினைவில்லை. ஆளாளுக்கு உரிமை கொண்டாட வசதியாகப் போய்விட்டது.

தலைவர் வேட்பாளர்களின் விவாதம் நடக்கும் இரவைத் தவறவிடாதீர்கள். டஃப்லி (கைப்பறை) அடி, கோஷம், கூட்டம் என்று திருவிழாதான். பாலஸ்தீனத்திலிருந்து பட்ஜெட் வரை எல்லாம் வரும். எனக்கு அது பிடிக்கும்; உலகத்தைப் பற்றிக் கருத்தே இல்லாதவர் சங்கத்துக்கு எதற்கு? ஆனால் முதலில் பேசும் உரை மனப்பாடம். ஆளைப் பார்க்க வேண்டியது கேள்வி பதில் சுற்றில்தான். தெரியாததைத் தெரியாது என்கிறாரா, கோஷத்துக்குள் ஒளிகிறாரா என்று கவனியுங்கள். பேச்சில் இந்தி அதிகம் இருக்கும், காதில் மொழிபெயர்த்துச் சொல்லும் நண்பருக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.

எல்லாரும் தலைவரையே பார்ப்பார்கள். மத்தியக் குழுவில் தலைவர், துணைத் தலைவர், பொதுச் செயலாளர், இணைச் செயலாளர் என்று நான்கு பேர். ஆனால் உங்கள் புலத்திலிருந்து (ஸ்கூல்) சங்கத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படும் கவுன்சிலர்தான் உங்களுக்கு அன்றாடம் தேவைப்படுகிறவர். அவரை எடைபோட புலப் பொதுக்குழுக் கூட்டத்துக்குப் போங்கள். பழைய கவுன்சிலர்கள் அறிக்கை வாசிப்பார்கள், கேள்விகள் பறக்கும். அங்கே உட்கார்ந்து கேட்டவருக்கு பர்ச்சா அவ்வளவாகத் தேவைப்படாது. நான் மத்தியக் குழுவுக்கு ஓர் அமைப்பையும் கவுன்சிலருக்கு இன்னோர் அமைப்பையும் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஒரு அமைப்புத் தோழர் கோபித்துக்கொண்டார், டீ வாங்கிக் கொடுத்ததும் சரியாகிவிட்டார்.

'நம்ம ஊர்க்காரர்' என்று வருகிறவரிடம் ஊர்க் கதை பேசுங்கள், ஓட்டை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். செலவையும் பாருங்கள். மாணவர் தேர்தல்களுக்கு விதி வகுத்த லிங்தோ குழுவின் 2006-ஆம் ஆண்டு விதிப்படி ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது, அச்சடித்த சுவரொட்டியும் கூடாது. அதனால்தான் சுவரில் கையால் எழுதியவை இருக்கும். பளபளவென்று அச்சில் ஏதாவது கண்ணில் பட்டால் காசு எங்கிருந்து என்று நேராகவே கேளுங்கள்.

ஓட்டு, வாக்குச்சீட்டில்தான். அடையாள அட்டையோடு காலையிலேயே உங்கள் புலத்துக்குப் போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் வரிசை நீளும். எண்ணிக்கை புலம் புலமாக, விடிய விடிய நடக்கும். ஒரு இரவாவது போய் நில்லுங்கள். மறுநாள் காலை நெறியாளரைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தால் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.