ஊழல் வழக்கு பேசுறப்போ கட்சிக்காரங்க பண்ற தப்புங்க

போன வாரம் டீக்கடைல ஒரு தம்பி, 2ஜி அலைக்கற்றை வழக்குல எல்லாரும் விடுதலை, கோர்ட்டே சொல்லிருச்சுன்னு கத்திட்டு இருந்தான், அதே மூச்சுல 2015ல சொத்துக்குவிப்பு வழக்குல ஜெயலலிதா விடுதலை ஆனப்போ மட்டும் ஜட்ஜுக்கு காசு போயிருக்கும்ங்கிறான். அவன் வயசுல நானும் இதயேதான் பேசினேன். பொய்ச் செய்திய பரப்பாதீங்கங்கிற மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்சத விட்டுடுறேன்.

தீர்ப்ப படிக்காம கட்சிய பாத்து பேசுறது

இத நினைச்சா இன்னிக்கும் எரியுது. 2014 செப்டம்பர் 27, பெங்களூர் தனி கோர்ட் ஜெயலலிதாவுக்கு நாலு வருஷம் ஜெயில், 100 கோடி அபராதம்னு சொன்னதும் நீதி ஜெயிச்சிருச்சுன்னு தெருவுக்கே மிட்டாய் கொடுத்தேன். 2015 மே 11, கர்நாடகா ஹைகோர்ட் விடுதலை பண்ணதும் காசு கைமாறிருச்சுன்னு மாமாகிட்டயே சொன்னேன், அவர் அதிமுக கிளைச் செயலாளர். "ஆதாரம் எங்க மாப்ள?"ன்னார். என்கிட்ட ஒன்னும் இல்ல.

ஆனா ஓட்டை தீர்ப்புக்குள்ளயே இருந்துச்சு, கூட்டல்ல. கடன் கணக்கு 10 கோடியே 67 லட்சம்னு வரணும், 24 கோடியே 17 லட்சம்னு போட்டிருந்தாங்க, அதனாலதான் வருமானத்துக்கு மிஞ்சின சொத்து 8.12 சதவீதம்தான், 10 சதவீதத்துக்குள்ள இருந்தா குற்றமில்லன்னு விட்டாங்க. சரியா கூட்டினா 76 சதவீதத்த தாண்டுது. அரசு வக்கீல் ஆச்சார்யா உடனே எடுத்துச் சொன்னார், பேப்பர்லயும் வந்துச்சு. படிச்சிருந்தா மாமா முன்னாடியே கூட்டி காட்டியிருப்பேன், வசைபாடினதுல ரெண்டு வருஷம் பேச்சுவார்த்தையே இல்லாம போச்சு. 2017 பிப்ரவரி 14 சுப்ரீம் கோர்ட் தண்டனைய உறுதி பண்ணுச்சு, ஜெயலலிதா அதுக்குள்ள காலமாயிட்டாங்க, சசிகலா பரப்பன அக்ரஹாரா ஜெயிலுக்கு போனாங்க. அதே வருஷம் டிசம்பர் 21, 2ஜில ராசா, கனிமொழி எல்லாரும் விடுதலை. அன்னிக்கு ராத்திரி மாமாவே போன் பண்ணார். "இப்ப எவ்ளோ கைமாறுச்சு மாப்ள?" வாயே திறக்க முடியல.

"அவங்க மட்டும் யோக்கியமா?"

இது பதிலே இல்ல.

ஆள் கட்சி மாறினதும் வாய் மாறுறது

செந்தில் பாலாஜி மேல இருக்குற வேலைக்குப் பணம் வாங்கின குற்றச்சாட்டு அவர் அதிமுக அமைச்சரா இருந்த காலத்தது. 2018 டிசம்பர்ல திமுகவுக்கு வந்தார். அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் யார் கத்தினாங்க, யார் கப்சிப்னு இருந்தாங்கன்னு ஊரே பாத்துச்சு.

பாதி வழக்கு பேசுறது

2012 பிப்ரவரி 2, சுப்ரீம் கோர்ட் 2ஜில போன் கம்பெனிங்களுக்கு கொடுத்த 122 லைசென்ஸ ரத்து பண்ணுச்சு, ஒதுக்கினது தன்னிச்சைன்னு. 2017ல கிரிமினல் குற்றம் நிரூபிக்கலன்னு விடுதலை. ரெண்டுமே நடந்துச்சு, ஒருத்தர் முதல் தேதிய மறைக்கிறார், இன்னொருத்தர் ரெண்டாவத. 1.76 லட்சம் கோடிங்கிறதும் அரசுக் கணக்க தணிக்கை பண்ற சிஏஜி போட்ட உத்தேச இழப்புதான், யாரும் பையில போட்ட தொகை இல்ல. சிபிஐ அப்பீல 2024 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட் விசாரணைக்கு ஏத்துக்கிச்சு, டீக்கடை தம்பிகிட்ட இதயும் சேர்த்துதான் சொல்லிட்டு வந்தேன்.