பிள்ளை செஸ்ஸில் தோற்றுவிட்டு வந்தால் என்ன செய்யலாம்

சென்னையில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏதாவது ஒரு பள்ளி ஹாலில் செஸ் டோர்னமெண்ட் இருக்கும். வாசலில் பெற்றோர் கூட்டம் நிற்கும். பிள்ளை வெளியே வந்ததும் பாதிப் பேர் கேட்பது, "என்னடா, வின்னா லாஸா?" தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தண்ணீர் கொடுங்கள், சாப்பிட ஏதாவது கொடுங்கள். ஸ்விஸ் முறையில் தோற்ற பிள்ளையும் வெளியேறாது, கிட்டத்தட்ட அதே பாயிண்ட் வைத்திருக்கும் இன்னொருவரோடு அடுத்த ரவுண்டில் உட்கார வேண்டும். நடுவில் போன ஆட்டத்தைக் கிளறினால் அந்த ரவுண்டும் போய்விடும்.

அலசுவதை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஸ்கோர் ஷீட் வேண்டும். நேரம் அதிகம் தரும் கிளாசிக்கல் ஆட்டத்தில் நகர்வுகளை எழுதியே ஆகவேண்டும், சீக்கிரம் முடியும் ரேபிடில் கட்டாயமில்லை. அதனால் ரேபிட் என்றால் அன்று சாயங்காலமே ஞாபகம் இருக்கிறவரை எழுதி வைக்கச் சொல்லுங்கள். கிளாசிக்கலில் இன்னொரு பழக்கமும் வரட்டும்: சில நகர்வுகளுக்கு ஒருமுறை, கடிகாரத்தில் மிச்சமிருக்கும் நேரத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள்வது.

இது ஏன் முக்கியம் என்றால், பெரும்பாலான வீடுகளில் ஆட்டத்தை லிச்செஸ் இணையதளத்தில் போட்டவுடன் எஞ்சின் (ஆட்டத்தை அலசும் கம்ப்யூட்டர் புரோகிராம்) 32-ஆவது நகர்வில் பிளண்டர், அதாவது பெரிய தப்பு, என்று காட்டும், "குதிரை ஃபோர்க்கைப் பார்க்கலை, அவ்வளவுதான்" என்று பிள்ளை போனை மூடிவிடும். (ஃபோர்க் என்றால் ஒரே காய் ஒரே நேரத்தில் இரண்டு காய்களைத் தாக்குவது.) ஷீட்டைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போங்கள். 32-இல் கையில் இரண்டு நிமிஷம்தான் இருந்திருக்கும். 18-ஆவது நகர்வுக்கு மட்டும் பதினைந்து நிமிஷம் போயிருக்கும், அதுவும் இரண்டு நல்ல நகர்வுகளில் எதை ஆடுவது என்று முடிவு பண்ண முடியாமல். ராணி போனது 32-இல், ஆட்டம் கைநழுவ ஆரம்பித்தது 18-இல். ஃபோர்க் கணக்கு நூறு போட்டாலும் இந்தப் பிரச்சினை தீராது.

ஆகவே எஞ்சின் கடைசியில்தான். முதலில் போர்டை வைத்துப் பிள்ளையே ஆடிக் காட்டட்டும். உங்களுக்கு செஸ் தெரியவேண்டும் என்று அவசியமே இல்லை. "இங்கே என்ன நினைச்சே? எதிராளி என்ன பண்ணப் போறான்னு பார்த்தியா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். சும்மா இருப்பதுதான் நமக்கெல்லாம் கஷ்டம். முடிந்ததும் நோட்டில் ஒரே ஒரு வரி, பிள்ளையின் வார்த்தையிலேயே. நாலைந்து ஆட்டத்தில் அதே வரி திரும்ப வந்தால் அந்தப் பக்கத்தைக் கோச்சிடம் காட்டுங்கள்.

இன்னொன்று, எதிராளிப் பிள்ளையும் வாசலில்தான் இருக்கும். கடைசி ரவுண்டு முடிந்ததும் இருவரும் சேர்ந்து ஆட்டத்தை ஒருமுறை பார்க்கட்டும், எந்த நகர்வுக்குப் பயந்தான் என்று அவனே சொல்லிவிடுவான்.

குகேஷைப் பற்றிப் பேசும்போது கோப்பையை மட்டும் காட்டாதீர்கள். 2022-இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் முதல் எட்டு ஆட்டத்தையும் ஜெயித்தவர், பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் ஜெயிக்க வேண்டிய நிலையிலிருந்து தோற்றார். 2024 ஏப்ரலில் டொராண்டோவில், உலகப் பட்டத்துக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியின் ஏழாவது சுற்றில் ஃபிரூஜாவிடம் தோற்றும் அந்தப் போட்டியை வென்றார். அதே ஆண்டு சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான முதல் ஆட்டமே தோல்வி, மூன்றாவதில் ஜெயித்துச் சமன் செய்தார். ஒலிம்பியாட் ஆட்டம் இணையத்தில் கிடைக்கும். போர்டில் வைத்து, எங்கே நழுவியது என்று பிள்ளையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ரேட்டிங், அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் எண். 2300-க்குக் கீழே இருக்கும் சிறுவர்களுக்கு, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் கிளாசிக்கல் கணக்கில், ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு மாறும் என்பதை முடிவு பண்ணும் 'கே' மதிப்பு 40. சம ரேட்டிங் உள்ளவரிடம் தோற்றாலே 20 பாயிண்ட் இறங்கும், ஜெயித்தால் அதே 20 ஏறும். ஒரு மோசமான டோர்னமெண்டில் நூறு போவது சாதாரணம். மாதாமாதம் லிஸ்ட் வந்ததும் அதைப் பிள்ளையிடம் நீட்டாதீர்கள், நோட்டைத் திறந்து பழைய வரி இன்னும் வருகிறதா என்று இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள்.