பெட்டியைத் திறக்கும் முன் வாசலைப் பாருங்கள்: புதிதாகத் தேனீ வளர்ப்போருக்கு

தேனீப் பெட்டி வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்து பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். குடியாத்தம், அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் தோப்புகளில் நாம் வைப்பது பெரும்பாலும் இந்தியத் தேனீ. அடிக்கடி கலைத்தால் கூட்டமே பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். நல்ல வேளையாக, உள்ளே நடப்பதில் பெரும்பகுதி வாசலிலேயே தெரிந்துவிடுகிறது.

படி 1: இயல்பு எது என்று பழகுங்கள்

பெட்டிக்குப் பக்கவாட்டில் உட்காருங்கள். எதிரே உட்கார்ந்தால் தேனீக்களின் பாதை மறிபடும். காலையில் பத்து நிமிடம், பிற்பகலில் பத்து நிமிடம் போதும். பின்னங்கால்களில் மகரந்த உருண்டையோடு தேனீக்கள் வந்து இறங்கினால் உள்ளே புழு, அதாவது தேனீக் குஞ்சு, வளர்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். வாசலில் தினம் சில தேனீக்கள் இறந்து கிடப்பதும் இயல்பே. வேலை மிகுந்த பருவத்தில் வேலைக்காரத் தேனீயின் ஆயுள் சுமார் 6 வாரம்தான்.

படி 2: பிற்பகல் கூட்டம், பயிற்சியா கொள்ளையா?

வெயில் சற்றுச் சாயும்போது திடீரென்று நிறைய தேனீக்கள் வாசல் முன் மொய்க்கும். புதியவர்கள் மிகவும் பதறுவது இதற்குத்தான். முகத்தைப் பாருங்கள். பெட்டியை நோக்கியபடியே இடமும் வலமுமாக ஊசலாடி, மெல்ல வட்டத்தைப் பெரிதாக்கினால் அவை இளம் தேனீக்கள். வீட்டின் அடையாளத்தை மனத்தில் பதித்துக்கொள்கின்றன. கால் மணி, இருபது நிமிடத்தில் அடங்கிவிடும். மகிழ்ச்சியோடு விட்டுவிடுங்கள்.

கொள்ளை வேறு மாதிரி. வரும் தேனீ நேராக இறங்காமல் இடுக்குகளை மோப்பம் பிடிக்கும்; மூடியின் விளிம்பைச் சுற்றும். தரையில் இரண்டிரண்டாகக் கட்டிப் புரளும். பொழுது சாயும் வரை ஓயாது. பூ குறைந்த காலத்தில் பலவீனமான பெட்டிக்குத்தான் இது நேரும். ஒன்றிரண்டு தேனீ மட்டும் நுழையுமளவுக்கு வாசலை உடனே சுருக்குங்கள். இடுக்குகளைக் களிமண்ணால் பூசுங்கள். சர்க்கரைப் பாகு வைப்பதாக இருந்தால் அந்திக்குப் பிறகு, பெட்டிக்குள்ளேயே வையுங்கள். வெளியே சிந்தும் ஒரு சொட்டும் கொள்ளைக்கு அழைப்புதான்.

படி 3: வேலூர் வெயிலில்

ஏப்ரல், மே மாதங்களில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும். அப்போது வாசல் பலகையில் சில தேனீக்கள் கால் ஊன்றி நின்று இறக்கையை வீசிக்கொண்டே இருக்கும். குனிந்து கவனியுங்கள்: தலை வெளிப்பக்கமாக, வால் வாசல் பக்கமாக இருக்கும். இந்தியத் தேனீ இப்படி நின்று காற்றை உள்ளே தள்ளுகிறது. இத்தாலியத் தேனீ வாசலை நோக்கி நின்று உள்காற்றை வெளியே இழுக்கும். இத்தாலியத் தேனீயை வைத்து எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு, நம் தேனீ திசை மாறி நிற்கிறது என்று கவலைப்பட வேண்டாம்.

புழுக்கம் கூடினால் ஒரு பெருங்கொத்து வாசலுக்கு வெளியே தாடிபோல் தொங்கும். புளிய மரத்தடி நிழலுக்குக் கீழ் பெட்டி இருந்தால் இந்தத் தொல்லை குறையும். மேலே ஓலை போடுங்கள். பக்கத்தில் கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணீர் வையுங்கள்.

படி 4: குடி பிரிவதற்கான அடையாளம்

பூ நிறைந்த காலத்தில், வெயில் இல்லாமலே கொத்து தொங்கினால் வாசலிலும் அடிப்பலகையிலும் தேடுங்கள். நடுவில் ஊசித் துளையோடு, கூம்பிய சின்னச் சின்ன மூடிகள் உதிர்ந்து கிடக்கும். ஆண் தேனீக்கள் அறையை விட்டு வெளிவரும்போது விழுந்தவை அவை. கூட்டம் பிரியத் தயாராகிறது என்பதற்கு இதைவிட எளிய தடயத்தை நான் அறியேன். அப்போது பெட்டியைத் திறந்து, அடையின் கீழ் விளிம்பில் ராணி அறைகள் தொங்குகின்றனவா என்று பாருங்கள்.

படி 5: கதண்டு வரும்போது

வாசல் முன் கதண்டு எனும் பெருங்குளவி வட்டமிட்டால், காவல் தேனீக்கள் நெருங்கி நின்று வயிற்றை ஒரே சமயத்தில் உதறும். ஒரு நடுக்கம் வரிசை முழுக்க ஓடும். கதண்டு இறங்கிவிட்டால் அத்தனையும் அதன் மேல் பாய்ந்து பந்தாகிவிடும். பந்தின் நடுவே வெப்பம் 45 டிகிரிக்கு மேல் ஏறும். கதண்டு அதைத் தாங்காது, தேனீ தாங்கும். தயவுசெய்து குச்சியால் அந்தப் பந்தைக் கலைக்காதீர்கள். கதண்டு நுழைய முடியாதபடி வாசலைச் சுருக்குவதுதான் உங்கள் வேலை. அதன் கூடு அருகில் இருந்தால் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

படி 6: காத்திருக்கக் கூடாதவை

இறந்த புழுக்களை இழுத்து வெளியே போடுகின்றனவா? நீர் நிறைந்த பைபோல, தலை நுனி மேல்நோக்கி வளைந்திருந்தால் தாய்லாந்து பைப்புழு நோயைச் சந்தேகிக்க வேண்டும். 1991-92இல் தென்னிந்தியாவில் பெருவாரியான பெட்டிகளை அழித்த வைரஸ் அது. மருந்து கிடையாது. அந்தப் பெட்டியின் சட்டத்தையோ கருவியையோ வேறு பெட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டி ஆலோசனை கேளுங்கள்.

வளர்ந்த தேனீக்கள் ஒரே நாளில் குவியலாக, நாக்கு நீண்டபடி செத்துக் கிடந்தால் அது பூச்சிமருந்து. மா பூக்கும்போதும் கத்தரிக்காய்ப் புழுவுக்கு அடிக்கும்போதும் இது நடக்கிறது. அந்தி சாய்ந்த பிறகு தெளிக்கும்படி பக்கத்துத் தோட்டக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நேரில் போய்க் கேட்டால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்கிறார்கள்.

கடைசியாக, மகரந்த வரத்து படிப்படியாக நின்று, வாசல் வெறிச்சோடினால் கூட்டம் ஓடிப்போகத் தயாராகிறது அல்லது ராணி இல்லை. இப்போது திறக்கத்தான் வேண்டும். காற்றில்லாத காலை நேரம், கொஞ்சம் புகை, ஐந்து நிமிடம். எறும்பு, மெழுகுப் பூச்சி, தீர்ந்த தேன் ஆகியவற்றை முதலில் பாருங்கள். பிறகு ஓர் அடையை வெளிச்சத்தில் சாய்த்து அறைகளின் அடியைக் கவனியுங்கள். அரிசி நொய்யைவிடச் சிறிய வெள்ளை முட்டை, அறைக்கு ஒன்றாகத் தெரிந்தால் மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறது. பாகு வைத்து மூடிவிடலாம்.