புத்தகயாவுக்கு ஒரு மணி நேரம் போதாது

காசி–கயா யாத்திரை நோட்டீஸ்களில், புத்தர் ஞானம் பெற்ற புத்தகயாவின் பெயர் எப்போதும் கடைசி வரியில்தான் இருக்கும். காலையில் பல்கு நதிக்கரையில் பிண்டம், பிறகு விஷ்ணு பாதம், அட்சய வடத்தடியில் ஒரு காயையும் ஒரு பழத்தையும் விட்டுவிட்டு வருவது, மதியச் சாப்பாடு. அதன் பிறகு வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, "ஒரு மணி நேரம்தான், சீக்கிரம் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்" என்பார்கள். அதில் பாதி நேரம் செருப்பை விடுவதிலும் செல்போனை ஒப்படைப்பதிலும் சோதனை வரிசையில் நிற்பதிலும் கரைந்துவிடும். மிச்ச நேரத்தில் ஒரு கோபுரம், ஒரு சிலை, ஓர் அரசமரம். பிளாஸ்டிக் உறை போட்ட இலை ஒன்றை வாசலில் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள்.

பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். உறவில் யார் வடக்கே யாத்திரை போனாலும் துணைக்கு என்னைக் கூப்பிடுவார்கள். நான் போடும் நிபந்தனை ஒன்றுதான்: சிராத்தம் முடிந்ததும் புத்தகயாவில் இரண்டு இரவு தங்க வேண்டும். அந்த இரண்டு இரவை எப்படிச் செலவிடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எப்போது, எப்படி

அக்டோபர் முதல் மார்ச் வரை போகலாம். வைகாசிப் பௌர்ணமி அங்கே பெரிய திருவிழா என்றாலும், அந்த வெயிலில் வயதானவர்களை அழைத்துப் போகாதீர்கள். கோடையில் கயா 45 டிகிரியைத் தொடும் ஊர். கோயிலுக்குள் வெறுங்காலோடு நடக்க வேண்டியது கல்தரையில். டிசம்பர், ஜனவரியில் கதை தலைகீழ். அதிகாலைக் குளிர் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும். அதே கல்தரை பனிக்கட்டியாக இருக்கும். தடித்த காலுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், செருப்பில்லாமல் காலுறையோடு நடக்கத் தடையில்லை.

கயா ஜங்ஷன், ஹவுராவிலிருந்து டெல்லி செல்லும் முக்கிய ரயில் பாதையில் இருக்கிறது. சென்னையிலிருந்து வாரம் ஒருமுறை நேரடி ரயில் உண்டு. அது கிடைக்காவிட்டால் ஹவுரா போய் மாறலாம், அல்லது விமானத்தில் பாட்னா இறங்கிச் சாலை வழியே வரலாம். மூடுபனிக் காலத்தில் வட இந்திய ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும் என்பதால், அடுத்தடுத்த ரயில்களுக்கு நெருக்கமாக டிக்கெட் எடுக்காதீர்கள். கயா நிலையத்திலிருந்து புத்தகயா ஏறத்தாழ 15 கிலோமீட்டர். நிலையத்துக்கு வெளியே ஆட்டோக்காரர்கள் தமிழ் முகத்தைப் பார்த்தவுடன் விஷ்ணு பாதம் என்றுதான் கூவுவார்கள். "போத்கயா" என்று அழுத்திச் சொல்லி, கூலியைப் பேசிவிட்டு ஏறுங்கள். ஊருக்குள் பாட்டரியில் ஓடும் ரிக்‌ஷாவுக்கு "டோட்டோ" என்று பெயர். அதுவும் கோயில் வாசல் வரை வராது. கடைசித் தூரம் நடைதான்.

தங்குவதற்குப் பல நாட்டு மடங்களில் விருந்தினர் அறைகள் உண்டு. எளிமை, சுத்தம், சைவச் சாப்பாடு, இரவில் சீக்கிரம் கதவடைப்பு. ஆனால் குளிர்காலத்தில் தலாய் லாமா வருவதாக அறிவிப்பு வந்துவிட்டால் ஊரில் ஒரு கட்டில்கூட மிஞ்சாது. தேதியை உறுதி செய்யும் முன் அதை விசாரித்துக்கொள்ளுங்கள். பீகாரில் 2016 முதல் மதுவிலக்கு அமலில் இருக்கிறது. கூட வரும் சித்தப்பாக்களிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

வாசலைத் தாண்டும் முன்

மகாபோதி கோயில் காலை ஐந்து மணிக்குத் திறந்து இரவு ஒன்பது வரை இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. 2013 ஜூலையில் இங்கே குண்டுகள் வெடித்தன. அதிலிருந்து சோதனை கடுமை. செல்போனை உள்ளே கொண்டுபோக முடியாது, வைப்பறையில் ஒப்படைத்துவிட வேண்டும். கேமராவுக்குத் தனிச் சீட்டு உண்டு.

செல்போன் இல்லாத நிலை நம் ஆட்களுக்குப் பழக்கமே இல்லை. ஆகவே கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். பிரிந்துபோனால் எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்பதை உள்ளே போகும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். கிழக்குப் படிக்கட்டின் மேல்தளம் அதற்குத் தோதான இடம். வயதானவர்களின் பையில், தங்கும் இடத்தின் பெயரை இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டைப் போட்டுவிடுங்கள். இந்த ஒன்றைச் செய்தால் பாதிக் கவலை விட்டது.

வாசலில் சுற்றி வளைப்பவர்கள் பல வகை. ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை என்பார்கள், இலை விற்பார்கள், துவராடை உடுத்துக்கொண்டு கை நீட்டுவார்கள். விநயம் என்னும் பௌத்தத் துறவற விதிப்படி பிக்கு, அதாவது துறவி, பணத்தைக் கையால் வாங்கக் கூடாது. துரத்திக்கொண்டு வந்து கேட்பவர் யார் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். கொடுக்க விருப்பமென்றால் உள்ளே உண்டியல் இருக்கிறது.

ஏழு வாரம், ஏழு இடம்

கோயில் சுற்றியுள்ள நிலத்தைவிடச் சுமார் ஐந்து மீட்டர் பள்ளத்தில் இருக்கிறது. கிழக்கிலிருந்து படியிறங்கும்போது 55 மீட்டர் உயரக் கோபுரம் எதிரே நிற்கும். முதலில் இங்கே ஆலயம் எழுப்பியவர் அசோகர், கி.மு. 3ஆம் நூற்றாண்டில். இன்று நாம் பார்க்கும் செங்கல் கோயில் கி.பி. 5–6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1880களில் பெரிய அளவில் பழுது பார்க்கப்பட்டது. உச்சியில் மின்னுவது 2013இல் தாய்லாந்து மன்னரும் பக்தர்களும் அளித்த தங்கம். 2002 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

நேரே கருவறைக்கு ஓட வேண்டாம். ஞானம் பெற்ற பிறகு புத்தர் ஏழு வாரங்கள் இந்த இடத்தைச் சுற்றியே இருந்தார் என்பது மரபு. ஒவ்வொரு வாரத்துக்கும் வளாகத்துக்குள் ஓர் இடம், ஓர் அறிவிப்புப் பலகை. அந்த வரிசையில் நடந்தால் கோயில் தானாகவே புரியத் தொடங்கும். எல்லாவற்றையும் வலமாகவே சுற்றுங்கள், நமக்குப் புதிதல்ல.

முதல் வாரம் அரசமரத்தடி, கோயிலின் பின்புறம், மேற்கே. அங்கே கடைசியில் வருவோம். இரண்டாம் வாரம் மரத்தை இமைகொட்டாமல் பார்த்தபடி நின்ற இடம் அனிமேஷ லோசனம். வடக்கே சற்று மேடாக, சின்னக் கோயிலாக இருக்கிறது. மூன்றாம் வாரம் அவர் முன்னும் பின்னும் உலாவிய பாதை கோயிலின் வடக்குச் சுவரை ஒட்டி நீண்ட மேடையாக இருக்கிறது. அவர் அடி வைத்த இடங்களில் தாமரை பூத்ததாம். அதற்கு அடையாளமாகக் கல் தாமரைகள். அதிகாலையில் போனால் யாரோ அவற்றின் மேல் சாமந்தியை அடுக்கி முடித்திருப்பார்கள். நான்காம் வாரத்துக்கு ரத்தினகரம் என்ற கூரையில்லாத சிறு மண்டபம். அங்கே அவர் உடலிலிருந்து ஒளிக்கதிர்கள் கிளம்பின என்பார்கள். ஊரெல்லாம் பறக்கும் பௌத்தக் கொடியின் நிறங்கள் அந்தக் கதிர்களின் நிறங்கள்தான்.

ஐந்தாம் வாரத்தை அவசரமாகக் கடக்காதீர்கள். படியிறங்கியவுடன் வரும் ஒரு கல்தூண்தான் அதன் அடையாளம். ஆட்டிடையர்கள் ஒதுங்கிய ஆலமரம் ஒன்று அங்கே இருந்ததாம். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைப் பார்க்காமலே கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி போய்விடுகிறார்கள். அந்த இடத்தில் ஒரு பிராமணர் வந்து, பிராமணன் யார் என்று கேட்டதாகவும், பிறப்பால் யாரும் பிராமணர் ஆவதில்லை, செயலால்தான் என்று புத்தர் பதில் சொன்னதாகவும் மரபு. கயாவில் கோத்திரமும் மூன்று தலைமுறைப் பெயர்களும் சொல்லிவிட்டு அதே நாளில் இந்தத் தூணருகே வந்து நிற்கும் நம்மவர்களுக்கு அதைப் படித்துக் காட்டுவதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

ஆறாம் வாரத்துக்குத் தெற்கே தாமரைக் குளம். நடுவில் நாகராஜன் முசலிந்தன் படம் விரித்து மழையிலிருந்து காக்கும் சிலை. ஏழாம் வாரம் தென்கிழக்கே ராஜாயதன மரம். தபுசன், பல்லிகன் என்ற இரு வணிகர்கள் மாவுருண்டையும் தேனும் கொடுத்து முதல் இல்லறச் சீடர்கள் ஆன இடம்.

இப்போது கருவறை. பூமியைத் தொட்ட வலக்கை, பொன் பூச்சு, பால வம்ச மன்னர்கள் காலக் கருங்கல் சிலை. வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், நிற்க விட மாட்டார்கள். அதே கருவறைத் தரையில் ஒரு சிவலிங்கமும் உண்டு. கோயிலை நிர்வகிக்கும் குழு 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்துக்கள் நால்வர், பௌத்தர்கள் நால்வர், தலைவராக மாவட்ட ஆட்சியர் என்று அமைகிறது. நிர்வாகம் முழுதும் எங்களிடமே வர வேண்டும் என்று பௌத்தர்கள் நெடுங்காலமாகப் போராடுகிறார்கள். எனக்கு அவர்கள் கோரிக்கையில் நியாயம் தெரிகிறது. உங்களுக்கு வேறு எண்ணம் இருந்தாலும், அந்த விவாதத்தை டீக்கடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தடியில்

இப்போதுள்ள அரசமரம் புத்தர் உட்கார்ந்த அதே மரம் அல்ல. பழைய மரம் 1876இல் விழுந்துவிட, அதன் கன்றை 1881இல் தொல்லியல் அறிஞர் கன்னிங்ஹாம் நட்டார். அசோகர் மகள் சங்கமித்திரை இங்கிருந்து கொண்டுபோன கிளைதான் இலங்கையின் அநுராதபுரத்தில் இன்றும் நிற்கிறது. மரத்துக்கும் கோயிலுக்கும் நடுவே வஜ்ராசனம் என்னும் கல் ஆசனம், அசோகர் காலத்தது. கிளைகளை இரும்புத் தூண்கள் தாங்கி நிற்கின்றன. இலையைப் பறிக்கக் கூடாது. விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் காற்றடித்தவுடன் தாய்லாந்துப் பாட்டிகள் காட்டும் வேகத்துக்கு நம்மால் ஈடு கொடுக்க முடியாது.

என் அத்தையை அழைத்துப் போனபோது அவர் முதலில் கேட்டது, "அர்ச்சனைச் சீட்டு எங்கே வாங்குவது?" என்றுதான்.

"இங்கே அர்ச்சனை கிடையாது, அத்தை."

"பிறகு என்ன செய்வது?"

"உட்கார வேண்டியதுதான்."

"அதை வீட்டிலேயே செய்யலாமே" என்றார். எதிரே ஒரு திபெத்தியப் பெண்மணி, ஆள் நீளப் பலகையில் விழுந்து வணங்கிக்கொண்டிருந்தார். உள்ளங்கை இரண்டிலும் துணித் திண்டு. கூப்பிய கையைத் தலை, தொண்டை, நெஞ்சு என்று வைத்து, மண்டியிட்டு, இரு கையாலும் பலகையில் சர்ரென்று வழுக்கி முழுநீளமும் படுத்து, எழுந்து, ஜபமாலையில் ஒரு மணியை நகர்த்தி, மறுபடியும். கை வழுக்கும் தடத்தில் மட்டும் பலகை எண்ணெய் தேய்த்ததுபோல் மின்னியது. இப்படி ஒரு லட்சம் முறை என்பது அவர்கள் நேர்த்தி. "இந்த அம்மாவுக்கு முழங்கால் வலிக்காதா?" என்று அத்தை என்னிடம் கேட்கவில்லை, நேரே அவரிடமே போய்த் தமிழில் கேட்டார். அந்தப் பெண்மணி திபெத்திய மொழியில் ஏதோ நீளமாகச் சொல்லிவிட்டு, தன் மெத்தையில் ஒன்றை அத்தை பக்கம் தள்ளினார். அதற்குப் பிறகு அத்தையை அங்கிருந்து கிளப்ப இருட்டும் வரை ஆயிற்று.

ஆக, இரண்டு முறை உட்காருங்கள்: காலை ஐந்து மணிக்கு ஒருமுறை, விளக்கேற்றிய பிறகு ஒருமுறை. ஒரு சிறு விரிப்பு போதும். சிலையை நோக்கிக் கால் நீட்டாதீர்கள். வணங்குபவருக்கும் மரத்துக்கும் குறுக்கே நடக்காதீர்கள். பெண்கள் பிக்குவைத் தொடக் கூடாது. எதையாவது கொடுப்பதென்றால் அவர் விரிக்கும் துணியில் வைக்க வேண்டும். பாலி, திபெத்திய, ஜப்பானிய மொழிகளில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நேரத்தில் ஓதுவார்கள். கொசுவும் உண்டு, களிம்பு பூசிக்கொண்டு போங்கள். டிசம்பர் தொடக்கத்தில் பௌத்த மறைநூலான திரிபிடகத்தைப் பல நாட்டவர் கூடி ஓதுவார்கள். அப்போது இடம் பிடிக்க இன்னும் சீக்கிரம் போக வேண்டும்.

இரண்டாம் நாள் பகலில்

தாய், பூட்டான், ஜப்பான் மடங்கள் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. நண்பகலில் சாத்திவிடுவார்கள், காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். 1989இல் திறக்கப்பட்ட 80 அடி புத்தர் சிலைக்குக் கால் மணி போதும். அதைவிட ஆற்றைக் கடந்து பக்ரோர் கிராமத்துக்குப் போகலாம். பட்டினியால் நைந்திருந்த சித்தார்த்தருக்குச் சுஜாதை பால் பாயசம் கொடுத்ததன் நினைவாக அங்கே ஒரு செங்கல் தூபி இருக்கிறது. ஆறு பெரும்பாலும் மணல்தான். கயாவில் சீதையின் சாபத்தால் மண்ணுக்கடியில் ஓடுவதாகச் சொல்கிறார்களே, அந்தப் பல்குவின் மேல்பகுதிதான் இது. இங்கே நிரஞ்சனா என்ற பெயரில் பேசப்படுகிறது.

தொல்லியல் துறை அருங்காட்சியகத்தை விடாதீர்கள். கோயிலைச் சுற்றியிருந்த சுங்க வம்ச மன்னர்கள் காலக் கல் வேலியின் அசல் துண்டுகள் பல அங்கேதான் இருக்கின்றன. வளாகத்தில் நீங்கள் பார்த்தவற்றில் பல நகல்கள். நான்கு குதிரைத் தேரில் வரும் சூரியனையும் யானைகள் நீராட்டும் திருமகளையும் தேடிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. மறுநாள் ராஜகிருகம், நாளந்தா என்று போவதாக இருந்தால் நாளந்தா அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிதான் விடுமுறை. அதனால் இந்த இரண்டு ஊருக்கான நாட்களை சனிக்கிழமையிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.