சுருங்கிய தைமஸை எடுப்பது எப்படி? நான் தடுக்கி விழுந்த இடம்

இ.ஏ.இ. (மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை உடலின் சொந்த எதிர்ப்புச் செல்களே தாக்கும்படி ஆய்வகத்தில் உண்டாக்கும் நோய்) சுண்டெலி என்றாலே எல்லோர் கண்ணும் முதுகுத்தண்டின் மேல்தான். தைமஸும் (எதிர்ப்புச் செல்கள் முதிரும் மார்பு உறுப்பு) மண்ணீரலும் குப்பைப் பைக்குப் போய்விடும். அவற்றையும் எடைபோட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நெறிக்குழு அனுமதி, எம்.ஓ.ஜி. 35-55 (நரம்பு உறைப் புரதத்தின் துண்டான பெப்டைட்) ஊசி, 0, 2ஆம் நாள்களில் பெர்டுசிஸ் (கக்குவான் கிருமி) நச்சு, நோய் மதிப்பெண் எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் ஒப்பீட்டுக் குழு. ஊசியே போடாத எலிகள் மட்டும் போதா. பெப்டைடோடு கலக்கும் எதிர்ப்புத்தூண்டியான அட்ஜுவன்டில் இருக்கும் செத்த காசநோய்க் கிருமியே மண்ணீரலை வீங்கவைக்கும். ஆகவே பெப்டைட் மட்டும் இல்லாமல் மற்றவை அனைத்தும் போட்ட குழு ஒன்று கட்டாயம் வேண்டும்.

பின்னங்கால்கள் விழுந்த நிலையில், எல்லா எலிகளையும் காலையில் ஒரே நேரத்தில் அறுக்க எடுங்கள். தைமஸைக் கரைப்பதில் கார்டிகோஸ்டிரோன் என்ற மன அழுத்த ஹார்மோனுக்குப் பங்குண்டு. அது பொழுதுக்குப் பொழுது மாறும்.

மண்ணீரல் எளிது: இடப்பக்கம், இரைப்பையை ஒட்டி, கருஞ்சிவப்பாகக் கிடக்கும்.

தைமஸில்தான் நான் ஏமாந்தேன். நலமான எலியில் மார்பெலும்பைத் தூக்கியதும் இதயத்தின் மேல் இரண்டு மல்லிகை இதழ்கள்போல் வெளுப்பாகத் தெரியும். நோயுற்ற எலியில் அங்கே மெல்லிய ஆடைதான் இருக்கும். பக்கத்திலுள்ள நிணநீர்க் கணுவையும் கொழுப்பையும் சேர்த்து வெட்டி, "தைமஸ் சுருங்கவில்லை" என்று இரண்டு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். கணு, ஊறிய ஜவ்வரிசிபோல் உருண்டையாக இருக்கும். வெட்டியதைக் குளிர்ந்த உப்புக் கரைசலில் போடுங்கள். கொழுப்பு மிதக்கும், தைமஸ் அமிழும். பல் வைத்த இடுக்கி வேண்டவே வேண்டாம், கிழித்துவிடும். வளைந்த மெல்லிய முனைதான் என் தேர்வு.

எடைபோடும்போது வேலூர் வெயிலை மறக்காதீர்கள். அக்கினி நட்சத்திரத்தில் மின்சாரம் போன ஒரு மதியம், வடிதாளில் வைத்த தைமஸ் என் கண்ணெதிரே ஓரம் சுருண்டு காய்ந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, ஒற்றி, உடனே எடைபோடுங்கள். மற்றவை பனிக்கட்டிமேல் மூடிய குப்பியில் இருக்கட்டும்.

பின்சேர்க்கை: உறுப்பு எடையை உடல் எடையால் வகுத்தால் போதுமா என்று ஒரு வாசகர் கேட்டார். போதாது. இந்நோயில் எலியே மெலிகிறது. வகுக்கும் எண் குறைந்தால் சுருக்கம் பாதி மறைந்துவிடும். வெறும் எடையையும் தனியே எழுதுங்கள். முடிந்தால் செல்களையும் எண்ணுங்கள்: முதலில் அழிபவை சிடி4, சிடி8 என்ற மேற்பரப்புப் புரதங்கள் இரண்டையும் தாங்கிய இளஞ்செல்கள்தாம்.