எருசலேம் ஆலயச் சின்னங்களை விளக்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆலயப் பொருள்களின் நீளம், அகலம், எண்ணிக்கை எல்லாவற்றையும் வேதாகமம் துல்லியமாகச் சொல்கிறது. அவற்றின் அர்த்தத்தை அநேகமாகச் சொல்வதே இல்லை. அந்த இடத்தை ஆளாளுக்கு நிரப்பும்போதுதான் தவறுகள் வருகின்றன.

அதிகம் அடிபடுவது கேருபீன் என்னும் சிறகுள்ள உருவம் (ஒருமையில் கேருபு). கொழுகொழு குழந்தைக்குச் சிறகு வைப்பது ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால ஓவியர்களின் வேலை. எசேக்கியேல் 41-இல் சுவரில் செதுக்கிய கேருபுக்கு ஒரு பக்கம் மனித முகம், மறுபக்கம் சிங்க முகம். பழைய இஸ்ரவேலின் தலைநகரான சமாரியாவில் கிடைத்த கி.மு. 9, 8-ஆம் நூற்றாண்டுத் தந்தச் செதுக்கல்களில் சிங்க உடலும் மனிதத் தலையும் சிறகும் கொண்ட உருவம் இருக்கிறது. அதைவிடப் பழைய, மெகிதோ நகரத்துத் தந்தத் தகட்டில் அரசன் அமர்ந்த அரியணையின் பக்கவாட்டிலேயே அது நிற்கிறது. கடவுளைக் ‘கேருபீன்கள்மேல் வீற்றிருப்பவர்’ என்று வேதாகமம் அழைப்பதோடு இது பொருந்துகிறது. ஏதேன் தோட்டத்துக்குக் காவல் நின்றதும் கேருபீன்களே. எனவே அரியணை, காவல் என்று விளக்கினால் ஆதாரம் இருக்கும். ‘பாசமுள்ள தேவதூதன்’ என்றால் இருக்காது.

அடுத்தது காலக் குழப்பம். ஆசரிப்புக்கூடாரம் (மோசே காலத்து வழிபாட்டுக் கூடாரம்), சாலொமோன் ஆலயம், ஏரோதின் ஆலயம் மூன்றையும் ஒரே படத்தில் கலப்பவர்கள் ஏராளம். கூடாரத்துக் கேருபீன்கள், உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தோடு ஒரே பொன்னில் அடித்துச் செய்தவை; ஒன்றையொன்று பார்த்திருக்கும். சாலொமோன் வைத்தவை ஒலிவ மரத்தில் செய்து பொன்தகடு போர்த்தியவை, 10 முழ உயரம். ஒரு சிறகு 5 முழம்; நான்கு சிறகுகளும் சேர்ந்து 20 முழ அகல உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்தைச் சுவருக்குச் சுவர் அடைத்தன. அவை பார்த்தது ஆலயத்தின் பெரிய அறையை. கூடாரத்தில் ஒரே விளக்குத்தண்டு. சாலொமோனிடம் வலப்புறம் 5, இடப்புறம் 5. ரோமில், பேரரசன் தீத்துவின் வெற்றி வளைவில் தெரிவது ஏரோதின் ஆலயத்து விளக்கு. அதன் பீடத்துக் கடல்விலங்குகளை மோசே காலத்துக்கு ஏற்றக் கூடாது. ஏரோதின் ஆலயத்தில் உடன்படிக்கைப் பெட்டி வரைவதும் பிழைதான். அதற்கு முன்பே, கி.மு. 63-இல், ரோமத் தளபதி பாம்பே உள்ளே நுழைந்தபோதே மகா பரிசுத்த ஸ்தலம் வெறுமையாக இருந்தது.

ஏழு விளக்கு ஏழு கோள்கள், பன்னிரண்டு அப்பம் பன்னிரண்டு ராசி, திரைச்சீலையின் சிவப்பு நெருப்பு, மெல்லிய சணல்நூல் பூமி, நீலம் காற்று, ஊதா கடல்: இவ்வளவும் கி.பி. முதல் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதியவை. அருமையான சான்றுதான். ஆனால் அது அவர் காலத்து யூதரின் விளக்கம். சாலொமோனுக்கும் அவருக்கும் இடையே சுமார் ஆயிரம் ஆண்டு. பெயரைச் சொல்லியே எடுத்துக்காட்ட வேண்டும்.

வெண்கலக் கடல்தொட்டியைச் சுமந்த 12 காளைகளை 12 கோத்திரம் என்பார்கள். திசைக்கு மூன்றாக நின்றன என்பதோடு மூல வசனம் முடிகிறது. விளிம்பின் கீழிருந்த அலங்காரம் 1 இராஜாக்களில் காய் வடிவம், 2 நாளாகமத்தில் காளை வடிவம். கொள்ளளவும் ஒன்றில் 2,000 பாத் (பழைய திரவ அளவு), மற்றதில் 3,000. இரண்டையும் ஒப்பிடாமல் எண்ணுக்கு அர்த்தம் கட்டினால் கேட்பவர் ஒரே கேள்வியில் சாய்த்துவிடுவார். இந்த வெண்கல வேலையைச் செய்தவன் தீரு என்ற பெனிக்கிய நகரத்துக் கைவினைஞன் என்பதையும் விட்டுவிடக் கூடாது. பெனிக்கியச் சாயல் அங்கிருந்துதான் வருகிறது.

ஆலய முகப்பில் நின்ற யாகீன், போவாஸ் என்ற இரண்டு தூண்களின் தலைப்பில் மொத்தம் 400 மாதுளைகள். ‘மாதுளையில் 613 விதை, யூதச் சட்டத்தில் 613 கட்டளை’ என்பது பிற்கால வழக்கு. தூண் வருணனையில் அப்படி எதுவும் இல்லை. மாதுளை என்றதும் பலர் காட்டும் படம் 1988-இல் இஸ்ரேல் அருங்காட்சியகம் 5,50,000 டாலருக்கு வாங்கிய சிறிய தந்த மாதுளை. அதை ஆலயத்தோடு இணைக்கும் எழுத்து பிற்காலத்தில் பொறித்த போலி என்று 2004-இல் ஆய்வுக்குழு அறிவித்தது, மறுத்தவர்களும் உண்டு. அந்தத் தந்த மாதுளையே சாலொமோனுக்கு முந்தைய வெண்கலக் காலத்தது. மாதுளை உருவத்துக்கு உதாரணமாகக் காட்டலாம். ஆலயத்திலிருந்து கிடைத்தது என்று கீழே எழுதக் கூடாது.