இது எந்த ரெக்கார்டில் போகிறது? இசட்ஓடிபி பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைத்தானில் எழுதுகிறவர்களுக்கு, ஆப்ஜெக்டுகளை அப்படியே சேமிக்கும் டேட்டாபேஸான இசட்ஓடிபி (ZODB) முதல் நாளிலேயே பிடித்துப்போகும். டேபிள் வேண்டாம், எஸ்க்யூஎல் வேண்டாம். க்ளாஸ் எழுதி, அதன் ஆப்ஜெக்டை ரூட்டில் (டேட்டாபேஸின் வேர் ஆப்ஜெக்ட்) மாட்டி, கமிட் (மாற்றங்களை வட்டில் எழுதும் கட்டளை) கொடுத்தால் சேமிப்பு முடிந்தது. 1990-களின் பிற்பாதியில் ஜிம் ஃபுல்டன் ஸோப் என்ற வெப் சர்வருக்காக உருவாக்கிய இந்த ஆப்ஜெக்ட் டேட்டாபேஸின் மேல்தான் ப்ளோன் என்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருளில் அமைந்த தளங்கள் இன்றும் ஓடுகின்றன. பிப் கொண்டு நிறுவினால் பெர்சிஸ்டண்ட், ட்ரான்சாக்ஷன், பிட்ரீஸ் மூன்று தொகுப்புகளும் கூடவே வந்துவிடும்.

சிக்கல் கொஞ்ச நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அநேகமாக எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே. வட்டில் கிடப்பவை ரெக்கார்டுகள். பெர்சிஸ்டண்ட் க்ளாஸிலிருந்து வந்த ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் ஒரு ரெக்கார்டும் ஒரு அடையாள எண்ணும் உண்டு. சாதாரண லிஸ்ட், டிக்ஷனரி, தேதி போன்றவற்றுக்குத் தனி ரெக்கார்டு கிடையாது. தங்களை வைத்திருக்கும் ஆப்ஜெக்டின் ரெக்கார்டுக்குள்ளேயே பிக்கிளாக (பைத்தான் ஆப்ஜெக்டைப் பைட்டுகளாக்கும் வடிவம்) சுருண்டு கிடக்கும். ஒரு வரி எழுதும் முன் ‘இது எந்த ரெக்கார்டில் போகிறது?’ என்று கேட்கப் பழகிவிட்டால் கீழே வரும் தவறுகளில் பாதி நடக்கவே நடக்காது.

சேர்த்த புத்தகம் காணாமல் போவது

நூலகச் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘உறுப்பினர்’ என்ற பெர்சிஸ்டண்ட் க்ளாஸ். அதில் ‘எடுத்தநூல்கள்’ என்ற சாதாரண லிஸ்ட். அந்த லிஸ்டில் அப்பெண்ட் செய்து ஒரு நூலைச் சேர்க்கிறீர்கள், கமிட் கொடுக்கிறீர்கள். பிழை எதுவும் வரவில்லை. பிரிண்ட் செய்தால் நூல் இருக்கிறது. செயலியை நிறுத்தித் திரும்ப ஓட்டினால் நூல் இல்லை.

காரணம் இதுதான். ஆப்ஜெக்டின் ஆட்ரிபியூட்டுக்கு நேரடியாக மதிப்பு கொடுத்தால்தான் பெர்சிஸ்டண்ட் க்ளாஸுக்கு மாற்றம் தெரியவரும். அப்பெண்ட் நடந்தது லிஸ்டுக்குள். உறுப்பினருக்கு அது தெரியாது. மாறாத ஆப்ஜெக்ட் என்று நினைத்துக் கமிட் அதைத் தாண்டிப் போய்விடும். பிரிண்டில் தெரிந்தது நினைவகத்தில் இருந்த பிரதி.

இது எப்போதும் இப்படி நடந்தால் கண்டுபிடிப்பது எளிது. ஆனால் அதே ட்ரான்சாக்ஷனில் (ஒரே கமிட்டில் சேரும் மாற்றங்களின் தொகுதி) உறுப்பினரின் ‘கடைசிவருகை’ தேதியையும் மாற்றியிருந்தால், ரெக்கார்டு முழுவதும் எழுதப்படும், லிஸ்டும் கூடவே சேமிக்கப்பட்டுவிடும். அதனால் சில நாள் சரியாக ஓடும், சில நாள் ஓடாது. இன்னும் மோசமானது அபார்ட், அதாவது கமிட் செய்யாமல் ரத்து செய்வது. மாறியதாகப் பதிவான ஆப்ஜெக்டுகளை மட்டுமே அபார்ட் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். நீங்கள் ரத்து செய்ததாக நினைத்த அப்பெண்ட் கேஷில் (நினைவகப் பிரதிகளில்) அப்படியே தங்கி, அடுத்த தடவை வேறு ஏதாவது ஆட்ரிபியூட் மாறும்போது அதனோடு ஒட்டிக்கொண்டு வட்டுக்குப் போய்விடும். ரத்தான வேலை பிறகு ஒரு நாள் சேமிக்கப்படுகிற பிழையைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

வழிகள் மூன்று. லிஸ்டுக்குப் பதில் பெர்சிஸ்டண்ட்லிஸ்ட், டிக்ஷனரிக்குப் பதில் பெர்சிஸ்டண்ட்மேப்பிங் போடலாம். தொடக்கத்தில் இதுவே நல்லது. லிஸ்டை மாற்றியதும் அதைத் திரும்ப அதே ஆட்ரிபியூட்டுக்குக் கொடுக்கலாம். அல்லது ஆப்ஜெக்ட் மாறிவிட்டது என்று குறிக்கும் _பி_சேஞ்ச்டு (_p_changed) என்பதை ட்ரூ ஆக்கலாம். மூன்றாவதை ஒரு இடத்தில் மறந்தாலும் பிழை திரும்பி வரும் என்பதால் அதை நம்பி இருக்க வேண்டாம். ஒரு விசித்திரமும் உண்டு: ஆட்ரிபியூட்டில் வைத்த லிஸ்டில் ‘+=’ போட்டால் சேமிக்கப்படும், அப்பெண்ட் போட்டால் சேமிக்கப்படாது. ‘+=’ முடிவில் ஆட்ரிபியூட்டுக்கு மதிப்பைக் கொடுத்துவிடுகிறது; அப்பெண்ட் கொடுப்பதில்லை.

இதே வேரிலிருந்து இன்னொரு தவறு. ‘முகவரி’ என்று பெர்சிஸ்டண்ட் இல்லாத க்ளாஸ் எழுதி, ஒரே முகவரி ஆப்ஜெக்டைக் கணவன், மனைவி இருவருடைய உறுப்பினர் ஆப்ஜெக்டிலும் வைத்தால், கமிட்டில் இரண்டு ரெக்கார்டுக்குள்ளும் தனித்தனி நகல் போகும். அடுத்த முறை திறந்தால் ஒன்றில் தெருப்பெயரை மாற்றினாலும் மற்றொன்று மாறாது. பகிரப்படும் எதுவும் பெர்சிஸ்டண்டாக இருக்க வேண்டும்.

எல்லாரையும் ஒரே மேப்பிங்கில் அடைப்பது

பெர்சிஸ்டண்ட்மேப்பிங் நல்லது என்றதும் உறுப்பினர்கள் அனைவரையும் அதில் போட்டுவிடுவார்கள். அந்த மேப்பிங் முழுவதும் ஒரே ரெக்கார்டு. 50,000 உறுப்பினர்கள், ஒரு சாவிக்கும் சுட்டிக்கும் சேர்த்து 40 பைட் என்று வைத்தாலும் 20 லட்சம் பைட், சுமார் 2 எம்பி. ஒரே ஒரு புதிய உறுப்பினரைச் சேர்த்தாலும் அந்த 2 எம்பி முழுவதும் மறுபடி எழுதப்படும். ரெக்கார்டுகளை டேட்டா.எஃப்எஸ் என்ற ஒரே கோப்பில் வைக்கும் ஃபைல்ஸ்டோரேஜ் பழையதை அழிக்காமல் கோப்பின் கடைசியில் ஒட்டிக்கொண்டே போகும். 1,000 கமிட் ஆனால் 2 ஜிபி.

இதற்குத்தான் பிட்ரீ, சாவிகளைச் சிறு சிறு பக்கெட்டுகளாகப் பிரித்து வைக்கும் மர அமைப்பு. ஓஓபிட்ரீயில் ஒவ்வொரு பக்கெட்டும் தனி ரெக்கார்டு. ஒன்றில் அதிகபட்சம் 30 சாவிகள். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் அந்த பக்கெட் மட்டும் எழுதப்படும். சாவி சரமாக இருந்தால் ஓஓபிட்ரீ, 32 பிட் முழு எண்ணாக இருந்தால் ஐஓபிட்ரீ, 64 பிட் வேண்டுமானால் எல்ஓபிட்ரீ. சில நூறைத் தாண்டி வளரும் எதையும் முதல் நாளே பிட்ரீயில் வையுங்கள்.

பிட்ரீயிலும் சில கண்ணிகள் உண்டு. லென் கேட்டால் எண்ணுவதற்காக எல்லா பக்கெட்டையும் வட்டிலிருந்து இழுத்துவரும். எண்ணிக்கையைத் தனியாக பிட்ரீஸ் தொகுப்பின் லெங்த் ஆப்ஜெக்டில் வைத்துக்கொண்டு, சேர்க்கும்போதும் நீக்கும்போதும் சேஞ்ச் மெத்தடால் மாற்றுங்கள். சுற்றிவரும்போதே நீக்கினால் ரன்டைம் எரர் வரும், அல்லது சில சாவிகள் விடுபடும். முதலில் சாவிகளை லிஸ்டாக்கிக்கொண்டு பிறகு நீக்குங்கள். ஒரே ட்ரீயில் எண்ணையும் சரத்தையும் சாவியாகக் கலக்காதீர்கள்; பைத்தான் 3-இல் அவற்றை ஒப்பிட முடியாது.

தேடல் மொழி கிடையாது என்பதையும் முன்கூட்டியே மனதில் வையுங்கள். கைபேசி எண்ணை வைத்து உறுப்பினரைத் தேட வேண்டுமானால், எண்ணிலிருந்து உறுப்பினருக்குப் போகும் இன்னொரு பிட்ரீயை நீங்களே கட்டிப் பராமரிக்க வேண்டும். விதவிதமான அறிக்கைகள்தான் முக்கிய வேலை என்றால் எஸ்க்யூஎல் பக்கம் போவதே சரி. ஒன்றுக்குள் ஒன்றாக ஆழமாகப் போகும் ஆப்ஜெக்டுகளுக்கு இசட்ஓடிபி அழகாகப் பொருந்தும்.

க்ளாஸை முதல் ஸ்கிரிப்டிலேயே எழுதுவது

ரெக்கார்டில் க்ளாஸின் நிரல் இருக்காது. மாட்யூல் பெயரும் க்ளாஸ் பெயரும் மட்டுமே இருக்கும். சோதனைக்காக ஒரே கோப்பில் க்ளாஸையும் எழுதி அதையே ஓட்டினால், ‘__மெயின்__’ மாட்யூலின் உறுப்பினர் என்று பதிவாகும். நாளை வேறு ஸ்கிரிப்டிலிருந்து திறந்தால் அங்கே இருக்கும் ‘__மெயின்__’ வேறு. உறுப்பினர் க்ளாஸ் கிடைக்காமல் ப்ரோக்கன் ஆப்ஜெக்ட் வரும். க்ளாஸ்களுக்கென்று ஒரு மாட்யூல் கோப்பை முதல் நாளே பிரித்துவிடுங்கள். பின்னால் பெயர் மாற்ற நேர்ந்தால் பழைய இடத்தில் பழைய பெயரில் ஒரு மாற்றுப்பெயரை விட்டுவைத்து, ஸோடிபிஅப்டேட் கருவியால் ரெக்கார்டுகளை மாற்றிய பிறகே அதை எடுங்கள்.

வட்டிலிருந்து ஆப்ஜெக்ட் வரும்போது இனிட் மெத்தட் ஓடாது. ஆறு மாதம் கழித்து இனிட்டில் ‘மின்னஞ்சல்’ என்று புதிதாகச் சேர்த்தால், பழைய உறுப்பினர்களுக்கு அது இருக்காது, ஆட்ரிபியூட் எரர் வரும். க்ளாஸ் மட்டத்தில் ‘மின்னஞ்சல் = நன் (None)’ என்று ஒரு இயல்பு மதிப்பு கொடுத்தால் போதும். ஆனால் அங்கே வெற்று லிஸ்டை வைத்துவிடாதீர்கள். எல்லா உறுப்பினருக்கும் அது ஒரே லிஸ்டாகிவிடும், வட்டுக்கும் போகாது.

ஆப்ஜெக்டின் ஆட்ரிபியூட்டுகள் இருக்கும் டிக்ட்டை (__dict__) பிரிண்ட் செய்தால் சில சமயம் காலியாக வரும். தரவு போய்விட்டதோ என்று பதற வேண்டாம். இன்னும் ஏற்றப்படாத கோஸ்ட் நிலையில் அது இருக்கிறது. சாதாரண ஆட்ரிபியூட் ஒன்றைத் தொட்டதும் முழுவதும் வந்துவிடும். டிக்ட்டைக் கேட்பது மட்டும் அதை எழுப்பாது.

இணைப்பும் ட்ரான்சாக்ஷனும்

ஒரு செயலிக்கு ஒரு டிபி ஆப்ஜெக்ட், ஒரு த்ரெட்டுக்கு ஒரு கனெக்ஷன். ஒரே கனெக்ஷனை இரண்டு த்ரெட்டில் பகிரக்கூடாது. ஒரு கனெக்ஷனில் எடுத்த ஆப்ஜெக்டை இன்னொன்றின் ஆப்ஜெக்டுக்குள் வைத்தால் கமிட்டில் இன்வேலிட் ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸ் பிழை வரும். ஆகவே பெறப்பட்ட ஆப்ஜெக்டுகளை மாட்யூல் மாறியில் பத்திரப்படுத்தாமல் ஒவ்வொரு கோரிக்கையிலும் ரூட்டிலிருந்து புதிதாக எடுங்கள். இயல்பாக டிபி 7 கனெக்ஷன்களுக்குக் குளம் (பூல்) வைத்திருக்கும். ஒவ்வொன்றின் கேஷிலும் 400 ஆப்ஜெக்டுகள். பிட்ரீ பக்கெட்டுகளும் அந்த 400-இல் சேரும் என்பதால் நிஜப் பயன்பாட்டுக்கு அது மிகச் சிறியது. சில ஆயிரங்களாக உயர்த்திப் பாருங்கள்.

பின்னணியில் சுற்றிக்கொண்டே இருக்கும் வாசிப்பு ஸ்கிரிப்ட் பழைய தரவையே காட்டுகிறதா? கனெக்ஷன், ட்ரான்சாக்ஷன் தொடங்கிய நொடியின் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. எதையும் எழுதாவிட்டாலும் ஒவ்வொரு சுற்றிலும் ட்ரான்சாக்ஷன்.பிகின் கொடுங்கள்.

இரண்டு பேர் ஒரே ரெக்கார்டை மாற்றினால் பின்னால் வருகிறவருக்குக் கான்ஃப்ளிக்ட் எரர். இது எதிர்பார்க்க வேண்டியதே. திரும்ப முயன்றால் சரியாகும். ட்ரான்சாக்ஷன் தொகுப்பின் அட்டெம்ப்ட்ஸ் இயல்பாக 3 முறை முயலும். அப்படித் திரும்ப ஓடும் நிரலுக்குள்ளேயே மின்னஞ்சல் அனுப்பினால் உறுப்பினருக்கு ஒரே கடிதம் மூன்று தடவை போகலாம். அனுப்புவதை, கமிட் முடிந்த பின் ஓடும் ஆஃப்டர் கமிட் ஹுக்கில் வையுங்கள்; கமிட் வெற்றியா என்ற மதிப்பு அதற்கு வரும், வெற்றி என்றால் மட்டும் அனுப்புங்கள்.

டேட்டா.எஃப்எஸ் கோப்பைக் கையாளும் விதம்

ஃபைல்ஸ்டோரேஜைத் திறக்க ஒரு ப்ராசஸுக்கு மட்டுமே அனுமதி. வெப் சர்வரில் 4 ஒர்க்கர் ஓடவிட்டால் இரண்டாவதற்கு லாக் எரர் வரும். அதைத் தீர்க்க லாக் கோப்பை அழிக்கும் பழக்கம் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள்: லினக்ஸில் அழித்ததும் இரண்டு ப்ராசஸும் ஒரே கோப்பில் எழுதத் தொடங்கும், தரவு சிதையும். பல ப்ராசஸ் வேண்டுமானால் ஸியோ சர்வரை நடுவில் வையுங்கள், அல்லது போஸ்ட்கிரெஸ் மேல் ஓடும் ரெல்ஸ்டோரேஜைப் பயன்படுத்துங்கள்.

உறுப்பினர் புகைப்படம், ஸ்கேன் செய்த பிடிஎஃப் எல்லாம் ப்ளாப் ஆகட்டும். அவை தனி அடைவில் கோப்புகளாகக் கிடக்கும். ஆட்ரிபியூட்டில் பைட்டுகளாக வைத்தால் உறுப்பினரின் பெயரைத் திருத்தும்போதெல்லாம் புகைப்படமும் மறுபடி எழுதப்படும்.

பழைய பதிப்புகள் சேர்ந்து கோப்பு வீங்கும் என்பதால் வாரம் ஒருமுறை பேக் செய்து அவற்றை நீக்குங்கள், 7 நாள் வரலாற்றை விட்டுவைத்து. பேக் புதிய நகலை எழுதி, பழையதை ‘.ஓல்ட்’ என்று விட்டுவைக்கும். 8 ஜிபி கோப்புக்கு இன்னொரு 8 ஜிபி இடம் காலியாக இருப்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நகலெடுக்க ரெபோஸோ கருவி உண்டு. ப்ளாப் அடைவை அது தொடாது. முதலில் ரெபோஸோ, பிறகு ப்ளாப் அடைவுக்கு ஆர்சிங்க் (கோப்புகளை நகலெடுக்கும் கருவி) என்ற வரிசையில் ஓட்டுங்கள், அந்த நேரத்தில் பேக் நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வரிசை மாறினால், இடையில் சேர்ந்த புகைப்படத்தின் ரெக்கார்டு நகலில் இருக்கும், கோப்பு இருக்காது. மாதம் ஒருமுறை அந்த நகலை வேறொரு அடைவில் மீட்டு, ரூட்டைத் திறந்து, உறுப்பினர் எண்ணிக்கையை ஓடும் தளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அறியாதவர் அனுப்பிய டேட்டா.எஃப்எஸ் கோப்பை மட்டும் உங்கள் கணினியில் திறக்க வேண்டாம். உள்ளே இருப்பது பிக்கிள், ஏற்றும்போதே நிரலை ஓட்ட வைக்கக்கூடியது.